மேல் கோதையாறு ஏரிக்கு அனுமதி வாங்கித் தருகிறோம் என்றால் பணம் அனுப்பாதீர்கள்

திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களும், லீவுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். மாஞ்சோலை வழியாக மேல் கோதையாறு ஏரிக்கு ஒருநாள் பயணம், வனத்துறை அனுமதி எங்கள் பொறுப்பு என்று சொல்லி ஒரு ஆள் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் வாங்கியது 11,500 ரூபாய். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அப்பாவை வைத்து ஏமாற்றியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1981 முதல் 1986 வரை மேல் கோதையாறு அணையில் இருந்தார். அந்த ஏரி கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் ரோடு நம்ம பக்கம் வழியாகத்தான். மணிமுத்தாறில் ஏறி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட் எஸ்டேட்டாகக் கடந்து போக வேண்டும். குமரி மாவட்டப் பக்கமிருந்து போவதென்றால் கீழ்க் கோதையாறில் மின்வாரியம் வைத்திருக்கும் விஞ்ச்தான். கம்பி இழுக்க, செங்குத்தாக மலையேறும் பெட்டி அது. அதில் முதல் தடவை ஏறியபோது கண்ணைத் திறக்கவே இல்லை என்று அப்பா சொல்வார். மேலே 4,000 அடிக்கு மேல் உயரம். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏரி இருக்காதாம், வெறும் மூடுபனிதான் இருக்குமாம். ஒன்பது மணிக்கு மேல் பனி விலக விலக, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருமாம். அந்தத் தண்ணீர் குழாய் வழியே இறங்கி மின்நிலையத்தில் கரண்டு எடுத்த பிறகு பேச்சிப்பாறைக்குப் போகிறது. இதையெல்லாம் என் பிள்ளைகளுக்கு அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

இப்போது அவருக்கு 74 வயது. போன வருடம் மூட்டு ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்ததும், "ஒரு தடவ அந்தத் தண்ணியப் பாத்துட்டு வந்துரணும்ல" என்றார். அப்பா எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் எப்படியாவது கூட்டிப்போய்விட வேண்டும் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரீல்ஸ் கண்ணில் பட்டது. பனி, ஏரி, ஜீப், பின்னால் ஒரு பாட்டு. 'எஸ்டேட் மூடியாச்சு, இனி இந்த இடத்தை யாராலும் பார்க்க முடியாது, கடைசி வாய்ப்பு' என்று எழுதியிருந்தார்கள். தேயிலைத் தோட்டக் கம்பெனி 2024-இல் வேலையை நிறுத்தியதும், குத்தகை 2028-இல் முடிவதும் நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த உண்மையை எடுத்துத்தான் அவசரம் காட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையிறங்கிய துயரத்தை, சீட்டு விற்க விளம்பரமாக்கி இருக்கிறார்கள். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

போனில் பேசியவர் நல்ல நெல்லைப் பேச்சு. "அண்ணாச்சி, பெர்மிஷன் நம்ம கையில. நீங்க ஸ்வெட்டர் மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். அப்பா அங்கே வேலை பார்த்தவர் என்று நானே வாயைத் திறந்து சொன்னேன். உடனே, "அப்படியா அண்ணாச்சி! இ.பி. ஸ்டாஃப் குடும்பத்துக்குன்னு தனி கோட்டா இருக்கு. அய்யாவ அணை மேலயே நிக்க வச்சு போட்டோ எடுத்துருவோம்" என்றார். அப்படி ஒரு கோட்டாவே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. நான் சொன்னதை வைத்தே அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய கோட்டா அது.

தலைக்கு 1,900 ரூபாய், ஆறு பேருக்கு 11,400. முன்பணம் 6,000 ஜிபேயில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கோட்டாவுக்கு வனத்துறைக் கட்டணம் தனி என்று இன்னொரு 3,500 கேட்டார். அனுப்பும்போது திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் ஏன் ஒரு தனி ஆள் கணக்குக்குப் போகிறது என்று என் மனைவி கேட்டாள். அவர் மொத்தமாகக் கட்டுவார் என்று நான் பதில் சொன்னேன். அந்த ஒரு கேள்விக்கு நான் நின்றிருந்தால் போதும். அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார்: "வேற யாருட்டயும் விசாரிக்காதீங்க அண்ணாச்சி, நாலு பேரு கேட்டா கோட்டா பிரச்சினை ஆயிரும்." உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு பத்தரைக்கு வாட்ஸப்பில் அனுமதிக் கடிதத்தின் படம் வந்தது. முத்திரை, கையெழுத்து, வண்டி எண், தேதி எல்லாம் இருந்தது. பார்த்ததும் நிம்மதியாகத் தூங்கினேன்.

தை மாதக் கடைசி ஞாயிறு. அதிகாலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பொலேரோ வந்தது. அப்பா நாலு மணிக்கே குளித்து, மின்வாரியத்தில் அந்தக் காலத்தில் கொடுத்த காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முழங்கைப் பக்கம் அம்மா வேறு நிற நூலில் தைத்த ஒட்டு இருக்கும். கையில் ஒரு பாலித்தீன் கவர், அதற்குள் அணைச் சுவரில் சாய்ந்து நிற்கும் கருப்பு வெள்ளைப் போட்டோ. அதே இடத்தில் பேரப்பிள்ளைகளோடு நின்று இன்னொன்று எடுக்கணும் என்று எடுத்து வைத்திருந்தார். அம்மா ஒரு தூக்குவாளி நிறைய எலுமிச்சைச் சாதமும், தனியாகத் துவையலும் கட்டியிருந்தாள்.

கல்லிடைக்குறிச்சியில் காபி குடித்துவிட்டு மணிமுத்தாறு சோதனைச் சாவடிக்குப் போனோம். அங்கே இருந்த வனக்காவலர் கடிதத்தின் ஒரிஜினலைக் கேட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் போனைக் காட்டினேன். அவர் வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தேதி இருந்த இடத்தை என் பக்கம் திருப்பினார். மற்ற எழுத்தெல்லாம் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி லேசாக மங்கி, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. தேதியும் வண்டி எண்ணும் மட்டும் கன்னங்கரேல் என்று நேராக இருந்தன. அவற்றைச் சுற்றித் தாளின் பழுப்பு நிறம் இல்லை, சின்னச் சதுரமாக வெள்ளை அடித்திருந்தது. முந்தின இரவு நான் பத்துத் தடவையாவது பார்த்த படம் அது.

"இத யாரு சார் குடுத்தா ஒங்களுக்கு? இன்னைக்கு மேல போற வண்டி லிஸ்ட் இதான். இதுல ஒங்க வண்டி இல்ல" என்று நோட்டைத் திறந்து காட்டினார். கோதையாறு என்று சொன்னதும் தலையை ஆட்டினார். மாஞ்சோலைக்குப் போகவே அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், அதிலும் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், கோதையாறுக்குச் சுற்றுலாவாக யாரையும் விடுவதில்லை என்றார். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைத் தேனிப் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டது அந்த மேல் கோதையாறு காட்டில்தான். அதே வருடம் செப்டம்பரில் அது எஸ்டேட் குடியிருப்புப் பக்கம் வந்து நின்றதும் செய்தியில் வந்தது. அதைச் சொல்லி, "சின்னப் பிள்ளைகள வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி, ரேஞ்சர்ட்ட பேசிட்டு லைனுக்கு வாரேன்" என்றார். அதோடு சுவிட்ச் ஆஃப். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சிவகாசியிலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலும் குடும்பம்தான், பதினோரு பேர். அவர்கள் நீட்டிய போனிலும் அதே கடிதம். அதே கையெழுத்து, முத்திரையில் அதே இடத்தில் மை விட்டுப்போன பிறை மாதிரி ஒரு கீற்று, அதே கடித எண். வண்டி எண் மட்டும் வேறு. ஒரே கடிதத்தில் தேதியையும் வண்டியையும் மாற்றி மாற்றி எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பார்களோ தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்கிறேன். டிரைவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "சார், அருவிக்குன்னு டிக்கெட் எடுத்து உள்ள போயிருவோம். அப்புறம் மெதுவா மேல ஏத்திரலாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஒரு நொடி, அப்பா முகத்தைப் பார்த்து எனக்கும் மனசு தடுமாறியது உண்மை. அப்படிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது 1988-இல் அறிவித்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். வழக்கு வந்தால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நம் மேல்தான் வரும். பணம் வாங்கிய ஆள் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருப்பார். ஓய்வூதியம் வாங்கும் 74 வயது மனுஷன் வனத்துறை அலுவலகத்தில் கைகட்டி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நான் டிரைவரிடம் சத்தம் போட ஆரம்பித்ததும் அப்பா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏல, காட்டக் காக்கவன் அவன் வேலயப் பாக்கான். வண்டி ஓட்டுதவன் கூலிக்கு ஓட்டுதான். விடு, வா." அவ்வளவுதான் சொன்னார்.

மணிமுத்தாறு அணைக்கட்டு நிழலில் உட்கார்ந்து சாதத்தைச் சாப்பிட்டோம். "இதுவும் ஏரிதான சார்" என்று டிரைவர் சொன்னபோது அம்மா பார்த்த பார்வையில் அவர் தள்ளிப் போய்விட்டார். வெயில் ஏறிய பிறகும் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. போட்டோக் கவரைப் பிரிக்கவும் இல்லை. சின்னவள், "தாத்தா, அந்த ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தெற்கே மலை மடிப்பைக் காட்டி, "அந்தா, அதுக்கும் பின்னால" என்றார். திரும்பி வரும்போது டீசலுக்கு என்று டிரைவர் 2,000 ரூபாய் கேட்டார். பிள்ளைகளோடு வழியில் இறங்கி நிற்க முடியாது என்று கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்தேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால், அந்தக் கணக்கை முடக்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நான் முதல் பணம் அனுப்பிப் பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் புகார் எண் வாங்கிவிட்டேன், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜிபே ரசீது, பேச்சுப் பதிவு, கடிதப் படம் எதையும் அழிக்காமல் வைத்திருந்தது உதவியாக இருந்தது. ஏஜென்ட் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அந்த வாரமே அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்துக்கும் நேரில் போனேன். மாஞ்சோலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, வண்டி விவரம், போகிறவர்களின் அடையாள அட்டை என்ன வேண்டும் என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். நடுவில் எந்த ஆளும் தேவையே இல்லை. மழைக்காலம், காட்டுத்தீ பயம் உள்ள கோடை, யானை நடமாட்டம் என்று இடையிடையே மொத்தமாக நிறுத்தியும் வைப்பார்கள். அதனால் எந்தத் தேதி கேட்டாலும் 'கிடைக்கும்' என்று ஒருவர் சொன்னாலே சந்தேகப்படுங்கள். அப்பா விஷயத்தைச் சொல்லி, மின்வாரியம் வழியாக ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அங்கே எழுத்து மூலமாக விண்ணப்பித்துப் பாருங்கள் என்றார்கள். எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் தெரிவிக்கிறேன்.

உங்களுக்கும் இந்தக் கடிதப் படம் வந்திருந்தால், தேதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முத்திரையில் அந்தப் பிறைக் கீற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். பல பேர் புகார் கொடுத்தால் கணக்கைப் பிடிப்பது சுலபம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அந்த ரீல்ஸ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு 2 சீட் பாக்கி என்று போட்டிருக்கிறார்கள்.