அகழெலி தள்ளிய மண்ணில் கிடைத்ததை யாரிடம் காட்டுவது? பி.ஏ.எஸ். சேவை: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ அகழெலி தள்ளிவிட்ட மண்குவியலில் ஒரு பானை ஓடோ, பச்சை பூத்த காசோ கண்ணில் பட்டால், கொண்டுபோய்க் காட்ட வேண்டிய இடம், மக்கள் கண்டெடுத்த பழம்பொருட்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம், சுருக்கமாக பி.ஏ.எஸ். 1997-ல் சோதனை முறையில் ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மியூசியமும் வேல்ஸில் அங்குள்ள தேசிய அருங்காட்சியகமும் பொறுப்பு. கட்டணம் கிடையாது. பொருளைப் பார்த்து, அளந்து, எடை போட்டு, படமெடுத்துப் பதிவேற்றிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கான சேவை என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். விலங்குகள் வெளியே கொண்டுவரும் பொருட்களுக்கு இது இன்னும் அவசியம். வளை தோண்டும்போதே அந்தப் பொருள் தான் கிடந்த மண்ணடுக்கை இழந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அது கிடைத்த இடம். பி.ஏ.எஸ். முதலில் கேட்பதும் அந்த இடத்தைத்தான்.

எந்த விலங்கு தோண்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அகழெலியின் சுரங்கம் நாலைந்து சென்டிமீட்டர் அகலம்தான். அதனால் ஆணி, பாசிமணி, ஈயத்துண்டு, ஓட்டுச்சில்லு மாதிரிச் சின்னதுதான் மேலே வரும். வட இங்கிலாந்தில் ஆல்ஸ்டன் அருகே எபியாகம் ரோமானியக் கோட்டையில் தன்னார்வலர்கள் முன் அனுமதி பெற்று அகழெலி மண்ணைச் சலித்தபோது பானை ஓடுகளும் ஆணிகளும் கிடைத்தன. டால்பின் வடிவ வெண்கலத் துண்டு ஒன்றும் அங்கே அகழெலி தள்ளியதுதான். ஆனால் கல் நிறைந்த இடத்தை அகழெலி ஒதுக்கிவிடும். குவியலே இல்லாத நிலப்பட்டையின் அடியில் சுவர் ஓடலாம். முயல் இன்னும் பெரியதை வெளியே தள்ளும்: 2021-ல் வேல்ஸின் ஸ்கோக்ஹோம் தீவில் முயல் வளை வாயிலில் இடைக்கற்காலக் கல் கருவி கிடந்தது, அடுத்து வெண்கலக் காலத் தாழியின் ஓடுகள் வந்தன. பேட்ஜர் என்ற வளைக்கரடி ஈமக்குழியையே கலைத்துவிடும். வில்ட்ஷயரின் நெதராவன் பக்கம் அது இறைத்துப் போட்ட தாழிச் சில்லுகளைப் பார்த்துத்தான் அகழ்ந்தார்கள். வெண்கல ரம்பமும் உளியும் வில்லாளியின் மணிக்கட்டுக் காப்பும் அங்கே இருந்தன.

சேவையைப் பயன்படுத்துவது எளிது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசர், அதாவது கண்டெடுத்த பொருட்களைப் பார்த்துப் பதிவு செய்யும் அலுவலர் ஒருவர் உண்டு. அவருக்குப் படத்துடன் மின்னஞ்சல் அனுப்பலாம், அல்லது அருங்காட்சியகங்களில் அவர் வந்து உட்காரும் நாளில் நேரில் தரலாம். படத்தில் அளவுகோல் கட்டாயம். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றும் வேண்டும். ஓட்டுக்கு உடைந்த விளிம்புதான் முக்கியம், களிமண்ணில் கலந்த மணலும் சுண்ணாம்பும் அங்கேதான் தெரியும். பொருளைக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இடத்தைக் குறிப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் இலவசச் செயலியில், வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கிரிட் எண் வரும். இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் என்றால் 100 மீட்டர்க் கட்டம். எட்டு இலக்கம் என்றால் 10 மீட்டர். பத்து என்றால் 1 மீட்டர். போனின் துல்லியத்துக்கு எட்டு இலக்கமே நேர்மையான அளவு. பத்தைச் சுருக்கி எட்டாக்கும்போது கிழக்கு எண், வடக்கு எண் ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கத்தை வெட்டிவிட வேண்டும், மேலே ஏற்றக் கூடாது. அந்த எண் கட்டத்தின் தென்மேற்கு மூலையைக் குறிப்பது. கிழக்கு எண்ணையும் வடக்கு எண்ணையும் மாற்றி எழுதினால் பொருள் வேறு ஊருக்கே போய்விடும். ஒரு குவியலுக்கு ஒரு பை. நான்கு குவியல்களில் பொறுக்கியதை ஒரே பையில் கொட்டினால் பதிவின் பயன் பாதி போச்சு.

சுத்தம் செய்யாதீர்கள். உலோகத்தைத் தண்ணீரில் கழுவுவதும் பல்துலக்கியால் தேய்ப்பதும் காசின் எழுத்தையே உரித்துவிடும். இரும்பைச் சிலிக்கா ஜெல்லுடன் உலர்வாக மூடி வையுங்கள். பஞ்சில் சுற்ற வேண்டாம், இழை சிக்கிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. அலுவலர்கள் குறைவு, பொருட்கள் ஏராளம். திரும்பி வர மாதங்கள் ஆகலாம். பொதுவாக 300 ஆண்டுக்கு மேற்பட்டதையே பதிவு செய்கிறார்கள். விக்டோரியா காலத்துப் பொத்தான், களிமண் புகைக்குழாய்த் தண்டு போன்றவை பெரும்பாலும் பதிவாகாமலே திரும்பும். ஒரு வயலின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சில்லறைச் சாமான்கள் விடுபட்டுப்போவது எங்களுக்கு வருத்தம்தான். துல்லியமான இடத்தைப் பொதுத் தளத்தில் மறைத்துக் காட்டுவதை மட்டும் மனமாரப் பாராட்டுகிறோம். இல்லாவிட்டால் அடுத்த இரவே மண்வெட்டியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

சட்டம் தெரிந்துகொண்டு போங்கள். கிடைத்த பொருள் பொதுவாக நில உரிமையாளருக்குச் சொந்தம், எனவே முதலில் அவர் அனுமதி. பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில், இங்கிலாந்தில் என்றால் தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பிடம் கேட்காமல் குவியலைக் கிளறவே வேண்டாம். வளைக்கரடியின் வளையைச் சேதப்படுத்துவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தங்கமோ வெள்ளியோ பத்து சதவீதத்துக்குக் குறையாமல் உள்ள, 300 ஆண்டு கடந்த நகை 'டிரெஷர்', அதாவது சட்டப்படி புதையல் ஆகும். தனிக் காசு பொதுவாக ஆகாது, அதே தங்க அல்லது வெள்ளிக் காசு இரண்டு சேர்ந்து கிடைத்தால் ஆகும். அப்படியானதை 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பி.ஏ.எஸ். அலுவலரே அதை எழுதி அனுப்ப உதவுவார். சேவையின் மிகப் பெரிய நன்மை இது.

தேடிப் போக ஏற்ற காலம் குளிர்காலக் கடைசியும் இளவேனிலும். புதுக்குவியல்கள் நிறைய எழும்பியிருக்கும், ஒரு மழை பெய்தால் மண் கரைந்து ஓடுகள் பளிச்சென்று தெரியும். ஸ்காட்லாந்தில் கிடைத்ததை மட்டும் பி.ஏ.எஸ்.ஸிடம் கொண்டுபோகாதீர்கள். அங்கே சட்டம் வேறு. பொன்னோ மண்ணோ, பழம்பொருள் எதுவானாலும் இதைக் கவனிக்கும் டிரெஷர் டிரோவ் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்.