பன்னிரண்டு தொட்டிகளுக்கான சுழற்சிச் சொட்டுநீர்த் தொகுப்பு: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பிய 12 தொட்டிகளுக்கு ஒரே நேரத்தில் சத்துக் கரைசலைச் சொட்டவிட்டு, அடியில் வடிவதைத் தட்டுகளில் பிடித்து, மீண்டும் அதே வாளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லும் தொகுப்பு ஒன்றை வாங்கி, தக்காளியை நாற்று நட்ட நாள் தொடங்கிக் கடைசிக் காய் பறித்த நாள்வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள் பயன்படுத்தினேன். தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை. இங்கே நான் குறை சொல்லும் இடங்கள் இத்தகைய எந்தத் தொகுப்பை வாங்குபவரும் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்பதால், பெயர் இல்லாமலும் இந்த மதிப்புரை பயன்படும் என்று நினைக்கிறேன்.

பெட்டியில் இருந்தவை இவை: மூடியுடன் கூடிய 20 லிட்டர் கறுப்பு வாளி, நீரில் மூழ்கி ஓடும் சிறிய பம்ப், 16 மி.மீ. முதன்மைக் குழாய், 4 மி.மீ. நுண்குழாய், மணிக்கு 4 லிட்டர் என்று அச்சிடப்பட்ட 12 சொட்டுவான்கள், பக்கவாட்டில் வடிகால் மூக்கு வைத்த 12 தட்டுகள், அவற்றை இணைக்கும் மற்றொரு 16 மி.மீ. குழாய், வலைவடிகட்டி, டைமர், கோகோபீட் கட்டிகள், இரண்டு பொட்டலங்களாகச் சத்து உப்பு. தொட்டிகள் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் 10 லிட்டர் தொட்டிகளை வைத்தேன். பொருள்களின் தரத்தில் குறையில்லை. குழாயில் துளையிடும் கருவி பிசிறில்லாமல் துளைக்கிறது, இணைப்பு முள்கள் இறுக்கமாக அமர்கின்றன, குழாய் முனையைச் சுடுநீரில் அரை நிமிடம் அமிழ்த்திவிட்டுச் செருகினால் கை வலிக்காமல் வேலை முடிகிறது. ஒரே முற்பகலில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். சிக்கல் தண்ணீர் விட்ட பிறகுதான் தொடங்கியது.

பன்னிரண்டு சொட்டுவான்களின் கீழும் ஒவ்வொரு டம்ளர் வைத்து, பம்பைக் கால் மணி நேரம் ஓடவிட்டேன். மணிக்கு 4 லிட்டர் என்றால் கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் விழ வேண்டும். மூன்றாம் டம்ளரில் 340 மில்லியும் அதற்கு அடுத்ததில் 90 மில்லியும் இருந்தன. ஒன்பதாவதன் அடி மட்டுமே நனைந்திருந்தது. பம்புக்கு அருகில் அதிகம், தொலைவில் குறைவு என்ற ஒழுங்கு இருந்திருந்தால்கூடக் குழாயின் நீளத்தைக் காரணம் சொல்லியிருக்கலாம், அதுவும் இல்லை. காரணம் சொட்டுவானின் வகையில் இருந்தது. தொகுப்பில் வந்தவை அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான்கள். உள்ளே மெல்லிய சிலிக்கோன் சவ்வு ஒன்று இருக்கும், குழாயின் அழுத்தம் கூடும்போது அது வளைந்து நீரின் வழியைக் குறுக்கி, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு சொட்டச் செய்யும். வயலுக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சவ்வு ஒழுங்காக வேலை செய்யப் பெரும்பாலான வகைகளுக்குக் குறைந்தது 0.5 பார், சிலவற்றுக்கு 1 பார் அழுத்தம் தேவை. கூடவே வந்த பம்பின் பெட்டியிலோ அதிகபட்ச ஏற்றம் 2.5 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ 1 பாருக்குச் சமம் என்பதால், இந்தப் பம்ப் ஒரு சொட்டைக்கூட மேலே ஏற்றாமல் நின்ற நிலையில் தரக்கூடியதே 0.25 பார்தான், வாளியிலிருந்து தொட்டியின் விளிம்புவரை 1 மீட்டர் ஏறிய பின் மிஞ்சுவது 0.15 பார். பம்பும் நல்ல பம்ப், சொட்டுவானும் நல்ல சொட்டுவான். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டவர் ஒருமுறையாவது டம்ளர் வைத்து அளந்து பார்த்திருந்தால் இந்தத் தவறு வெளியே வந்திருக்காது.

விற்பனையாளருக்கு அளவுகளோடு எழுதினேன். மரியாதையான பதிலும், ஒரு வாரத்தில் அதே வகைச் சொட்டுவான்கள் இன்னும் 12-ம் வந்து சேர்ந்தன.

தலையைத் திருகி அளவைக் கூட்டிக் குறைக்கும் எளிய சொட்டுவான்களை வாங்கி மாற்றியதும் நிலைமை சீரானது. அவற்றுக்குள் சவ்வு எதுவும் இல்லாததால் குறைந்த அழுத்தத்திலும் நீர் வருகிறது. ஒவ்வொன்றையும் டம்ளர் வைத்துத் திருகித் திருகி, ஐந்து நிமிடத்தில் அரை லிட்டர் வரும்படி சமன்செய்ய ஒரு பிற்பகல் முழுதும் போனது உண்மை. ஆனால் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. அவை ஒரே புள்ளியில் சொட்டாமல், மெல்லிய கம்பிகளாகச் சுற்றிலும் பீய்ச்சுகின்றன. கோகோபீட்டில் ஒரே இடத்தில் விழும் நீர் நேராகக் கீழிறங்கி ஒரு கூம்பு அளவுக்கே நனைக்கும். மற்ற பக்கங்களில் வேர் இருந்தும் வறண்டு கிடக்கும். பழைய வகையைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் ஒரு தொட்டிக்கு எதிரெதிராக இரண்டு வைப்பது நல்லது.

அடுத்தது கோகோபீட். துண்டுப் பிரசுரம் 'நீரில் ஊறவைத்து நிரப்புக' என்ற ஒரே வரியோடு இதை முடித்துவிடுகிறது. வடிந்த நீரை வெளியே விட்டுவிடும் அமைப்பாக இருந்தால் அந்த ஒரு வரி ஓரளவு போதும். சுழற்சி அமைப்பில் போதாது. தேங்காய் நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைந்திருக்கும். நாம் கொடுக்கும் கரைசலிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நார்த்தூள் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும். தள்ளப்பட்டது வடிகாலில் போய்விடாமல் வாளிக்கே திரும்பி, அடுத்த முறை மீண்டும் செடியின் வேருக்கே வரும். கட்டியின் உறையில் 'கழுவப்பட்டது' என்று அச்சிட்டிருந்தபோதிலும், ஊறவைத்துப் பிழிந்த முதல் நீரை, கரைந்துள்ள உப்பின் செறிவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியில் பார்த்தபோது 1.8 மில்லிசீமென்ஸ் காட்டியது. நாற்றுக்குக் கொடுக்கும் சத்துக் கரைசலின் செறிவே ஏறத்தாழ அவ்வளவுதான். இங்கே அதில் பெரும்பகுதி செடிக்கு வேண்டாத உப்பு. மூன்று முறை நல்ல நீரில் அலசி, லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மீண்டும் அலசிய பிறகே நிரப்பினேன். அப்படியும் முதல் இரண்டு வாரங்கள் வாளியின் நீர் தேநீர் நிறத்தில்தான் இருந்தது. அந்த நிறம் நாரிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருளால் வருவது, செடிக்குக் கெடுதல் செய்யாது.

இந்த வேலையைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதையும் அருகிலேயே பார்க்க முடிந்தது. நார்த்தூள் போதாமல் போன இரண்டு தொட்டிகளைப் பிரசுரம் சொன்னபடியே வெறும் நீரில் ஊறிய கட்டியால் நிரப்பியிருந்தேன். அந்த இரண்டில் மட்டும் அடி இலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளித்தது. முதல் கொத்துக் காய்களின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் அமுங்கியது. காயின் அடி அழுகுவதற்கு நீர் சீராகக் கிடைக்காததும் காரணமாகலாம் என்பதால் பழியை முழுவதுமாகக் கோகோபீட்டின் மீது போட மாட்டேன். ஆனால் அதே கரைசலை, அதே நேரத்தில், அதே அளவு குடித்த மற்றப் பத்துச் செடிகளும் நன்றாகவே இருந்தன.

பிரசுரத்தில் உருப்படியாக இருந்த எச்சரிக்கை சத்துப் பொட்டலங்களைப் பற்றியது. கால்சியம் உள்ள முதல் பொட்டலத்தையும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ள இரண்டாவதையும் அடர்த்தியான நிலையில் ஒன்றாகக் கலந்தால் கரையாத வெள்ளை வண்டலாகப் படிந்துவிடும். ஒன்றை நிறைய நீரில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பாராட்டுகிறேன்.

இனி, நீர் திரும்பி வரும் பாதைக்கு வருகிறேன். பிரசுரத்தின் படத்தில் தொட்டிகளும் வாளியும் ஒரே தரையில் அடுத்தடுத்து நிற்கின்றன, தட்டிலிருந்து வாளியின் வாய்க்கு ஒரு குழாய் அழகாக வளைந்து ஏறுகிறது. திரும்பும் பாதையில் பம்ப் எதுவும் இல்லை. நீர் தானாக மேலே ஏறும் என்று வரைந்தவர் நம்பினாரா, வாங்குபவர் கவனிக்க மாட்டார் என்று நம்பினாரா என்பது தெரியவில்லை. வாளியின் வாய் தட்டின் மூக்கைவிடத் தாழ்வாக இருந்தால்தான் வடிந்த நீர் திரும்பும். எனவே தொட்டிகள் அனைத்துக்கும் முழங்கால் உயரத்தில் தாங்கி அமைக்க வேண்டியிருந்தது. அதன் செலவும் உழைப்பும் தொகுப்பின் கணக்கில் எங்கும் இல்லை.

தாங்கி போட்ட பின்னும் 16 மி.மீ. குழாய் இந்த வேலைக்குப் போதவில்லை. அழுத்தத்தோடு போகும் நீருக்கு அந்த விட்டம் தாராளம். சாய்வை மட்டும் நம்பி மெதுவாக வரும் நீருக்கு, அதுவும் நார்த்தூளைச் சுமந்து வரும் நீருக்கு, அது சிறியது. ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை பம்ப் வழக்கமான முணுமுணுப்பை விட்டுக் கரகரவென்று சத்தம் போட்டதைக் கேட்டுப் போய்ப் பார்த்தால், வாளி காலி, தட்டுகள் நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஈரம். குழாயைக் கழற்றியபோது ஏழாம் தட்டின் மூக்கிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வேர், பின்னல் போல, குழாயின் உட்புறத்தை நிறைத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னால் சேறாகத் தேங்கிய நார்த்தூள். சத்தும் ஈரமும் காற்றும் இருட்டும் ஒருசேர இருக்கும் இடத்தைத் தக்காளி வேர் விட்டுவைக்காது. அன்றே அந்தக் குழாயை எடுத்துவிட்டு, 40 மி.மீ. பி.வி.சி. குழாயை மீட்டருக்கு 2 செ.மீ. சாய்வில் வைத்தேன், ஒவ்வொரு மூக்கின் உட்புறத்திலும் நெருக்கமான வலைத்துணி கட்டி, வாளியில் விழும் முனையில் பழைய நைலான் காலுறை ஒன்றை மாட்டினேன். காலுறையை வாரம் ஒருமுறை கழற்றி அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடித் தூள் கொட்டுகிறது. அதற்குப் பின் தட்டு எதுவும் வழியவில்லை. பம்புக்கு அடுத்து வரும் வலைவடிகட்டி தெளிவான உடலும் கையால் திருகிக் கழற்றும் மூடியும் கொண்டது, அதில் சொல்ல எந்தக் குறையும் இல்லை. ஆனால் திரும்பும் வழியில் ஒன்றும் வைக்காமல் போகும் வழியில் மட்டும் வடிகட்டி வைத்ததால், தூள் முழுவதும் வாளியில் சேர்ந்து வடிகட்டிக்கே வேலை கூடுகிறது.

20 லிட்டர் வாளி நாற்றுப் பருவத்துக்கு மட்டுமே சரி. காய்ப்பிடிக்கும் தக்காளிச் செடி நல்ல வெயில் நாளில் 2 லிட்டர் நீரை எளிதாகக் குடித்துவிடும். 12 செடிகளுக்கு அது 24 லிட்டர். ஆக, காலையில் நிரப்பிய வாளி மாலைக்குள் வற்றிவிடும் என்பது ஒரு புறமிருக்க, அதைவிடப் பெரிய தொல்லை செறிவு. வெயிலில் செடி உப்பைவிட நீரையே விரைவாக எடுப்பதால், மிஞ்சும் கரைசல் அடர்ந்துகொண்டே போகும். வாளி சிறிதாக இருந்தால் அந்த ஏற்றம் ஒரே பகலில் நிகழும். காலையில் 2.2 மில்லிசீமென்ஸ் இருந்தது மாலையில் 3.6 ஆனதைப் பார்த்த பிறகு, 100 லிட்டர் கறுப்பு டிரம்முக்கு மாறினேன். அதில் மூடியை வெயில் படாமல் வைத்து, குறைந்துபோன அளவுக்கு வெறும் நீரோ பாதிச் செறிவுக் கரைசலோ ஊற்றி, பத்து நாளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றினேன், அமிலத்தன்மை (pH) 5.8-க்கும் 6.2-க்கும் இடையில் நிற்கிறதா என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்தேன். பெரிய டிரம் சீக்கிரம் சூடேறாது என்பது கூடுதல் பயன்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும் நீர் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமே வைத்திருக்கும். வெதுவெதுப்பான, காற்றுக் குறைந்த கரைசல் வேரழுகல் பூஞ்சைக்கு வசதியான இடம். ஒரு செடிக்கு நோய் வந்தால் கரைசல் வழியே பன்னிரண்டுக்கும் பரவும் என்பது எல்லாச் சுழற்சி அமைப்புகளுக்கும் பொதுவான ஆபத்து. அதைத் தொகுப்பின் குறையாகச் சொல்வது நியாயமாகாது.

டைமர் கால் மணி நேரப் படிகளில் மட்டும் இயங்கும் முள் வகை. ஐந்து நிமிடம் போதுமான இடத்தில் பதினைந்து நிமிடம் ஓடினால் நீர் வீணாகாது, திரும்பி வந்துவிடும். ஆயினும் நாரின் இடைவெளிகள் எப்போதும் நீரால் அடைபட்டிருந்தால் வேருக்கு மூச்சு முட்டும். மின்சாரம் நின்றால் அதன் கடிகாரமும் நின்றுவிடுவதால் நீர் விடும் வேளைகள் நழுவிப்போகின்றன. ஒரு நாள் அப்படி நழுவி, கோகோபீட் காய்ந்து தொட்டிச் சுவரை விட்டு ஒரு நூல் அளவு விலகிவிட்டது. பிறகு விட்ட நீரெல்லாம் அந்த இடுக்கு வழியே நேராகத் தட்டுக்கு ஓடியது. நிமிடக் கணக்கில் அமைக்கக்கூடிய, உள்ளே பேட்டரி உள்ள மின்னணு டைமரை வாங்கிக்கொள்வது நல்லது.

எனவே, பெட்டியைப் பிரித்துப் பூட்டி மறந்துவிடலாம் என்று எண்ணுபவர் இதை வாங்க வேண்டாம். பம்ப், வடிகட்டி, முதன்மைக் குழாய், தட்டுகள் ஆகியவற்றைத் தனித்தனியே தேடி அலைய விரும்பாதவர், சொட்டுவான், திரும்பும் குழாய், கலன், டைமர் ஆகிய நான்கையும் மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தே வாங்கலாம். கீரை, புதினா போன்ற சிறு செடிகளுக்கு மட்டும் என்றால் வாளியை மாற்றாமலும் சமாளிக்கலாம். பம்ப் நான்கு மாதமும் பழுதின்றி ஓடியது, ஒருமுறை நீரின்றி ஓடியும் கருகவில்லை. விற்பனையாளர் இரண்டாம் முறை அனுப்பிய 12 சொட்டுவான்களும் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. மேல்நிலைத் தொட்டியிலிருந்து போதிய அழுத்தத்தோடு வரும் குழாயில் நேரடியாக இணைத்தால் அவை அச்சிட்டபடி மணிக்கு 4 லிட்டர் தருகின்றனவா என்று டம்ளர் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.