மழைக்காட்டு நடைப்பயணம் என்று சொல்லி 38,400 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்

இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,400 ரூபாய். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பத்து நாள் காத்திருந்து கைக்கு வந்த பணம். நம் பக்கத்து ஆட்களையே குறிவைத்து இது நடக்கிறது என்பதால் எழுதுகிறேன். பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கும்பகோணம் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஊர். இந்தப் பக்கத்தில் மலை என்று பேர் சொல்ல சுவாமிமலைதான் இருக்கிறது. அதுவும் கட்டுமலை, அறுபது படி. அப்பாவுக்கு 71 வயது. இத்தனை வருஷத்தில் நடவு, களை, அறுப்பு என்று வயலை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் அவர் வெளியே இருந்ததில்லை. அவருக்கு ஒரே ஓர் ஆசை, பவானி ஆற்றை அது வரும் காட்டிலேயே பார்க்க வேண்டும். "மேட்டூர்த் தண்ணி, மேட்டூர்த் தண்ணின்னே எல்லாரும் சொல்றான். மேட்டூருக்குக் கீழ கூடுதுறையில பவானியும் வந்து சேருதே, அதையும் சேத்துத்தானே நாம குடிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த ஆறு கேரளத்தில் முக்காலி என்ற இடத்தில் வளைந்து, கிழக்கே திரும்பி அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதே முக்காலிதான் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்கு வாசல். 1970களில் மின்சாரத்துக்காக அங்கே குந்திப்புழை ஆற்றில் அணை கட்டப் போனார்கள். கேரளத்தில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் வருஷக்கணக்கில் போராடித்தான் அது நின்றது. 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சிங்கவால் குரங்குகள் இருக்கும் காடு. மகளுக்கு அந்தக் குரங்கைப் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு ஆற்றைப் பார்க்க வேண்டும். சரி, இந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

படங்கள் போடும் செயலி ஒன்றில் பயண ஏற்பாடு செய்துதரும் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. மூடுபனி, தொங்குபாலம், ஈரப் பாதையில் வரிசையாக நடக்கிற ஆட்கள் என்று படங்கள். இரண்டு பகல், ஓர் இரவு. காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் தங்கல். மூன்று நடைபாதைகள், அதில் ஒன்று பெரியவர்கள் நடக்கக்கூடியது. வனத்துறை அனுமதி, வழிகாட்டி, சாப்பாடு, கோவையிலிருந்து வண்டி எல்லாம் சேர்த்து தலைக்கு 6,400. நான், வீட்டுக்காரர், தம்பி, அப்பா, இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர்.

நான் உடனே பணம் அனுப்பிவிடவில்லை. போன் செய்து அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். அவன் ஒன்றுக்கும் சலித்துக்கொள்ளவில்லை. ஊர் எது என்று கேட்டான், சொன்னேன். "அய்யோ, நான் திருத்துறைப்பூண்டிக்கா! நம்ம பக்கந்தான். எங்கப்பாவும் விவசாயந்தான், இந்த வருஷம் மழையில சாஞ்சிடுச்சு" என்றான். அதோடு நிற்கவில்லை. "அப்பாவுக்கு முழங்கால் எப்படிக்கா? வலி இருக்கா? எறக்கம் கொஞ்சம் செங்குத்தா இருக்கும், நான் கைத்தடி ஒன்னு எடுத்து வெக்கச் சொல்றேன்" என்றான். பெற்ற பிள்ளைகளே கேட்க மறக்கிற கேள்வி அது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

முன்பணம் 19,200. அவன் அனுப்பிய கியூஆர் படத்தை ஸ்கேன் செய்ததும் திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். விரலை எடுத்துவிட்டுத் திரும்பப் போன் செய்து கேட்டேன். "அது எங்க அக்கவுண்டன்ட் பேருக்கா, கம்பெனி அக்கவுண்டுல போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் கூட ஆகும்" என்றான். நமக்கு நல்லது செய்கிறவன் மாதிரி சொன்னான். அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து, "கோட்டா இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிடுவாங்க, மிச்சத்தையும் போட்டாத்தான் பெர்மிட்டு" என்றான். இன்னொரு 19,200. மொத்தம் 38,400. சொன்னபடி அனுமதிச் சீட்டும் வந்தது. மேலே யானை முத்திரை, கீழே ஊதா நிறத்தில் ஒரு சீல், நடுவில் ஆறு பேர் பெயரும் வயதும். கடைத்தெருவில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டேன். அப்பா அதை வாங்கி இரண்டு மூன்று தரம் தன் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, மடங்கிவிடக் கூடாது என்று பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் ஜன்சதாப்தி ஏறி ராத்திரி கோவை போய்ச் சேர்ந்தோம். காலை ஆறு மணிக்கு லாட்ஜ் வாசலுக்கு வண்டி வரும் என்றார்கள். நாங்கள் ஐந்தரைக்கே பையோடு வாசலில் நின்றோம். ஆறேகாலுக்குக் கேட்டால் "டிரைவர் பக்கத்துலதான்க்கா வந்துட்டார்." ஏழுக்கு "பஞ்சர்." ஏழரைக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. எட்டுக்கு ஸ்விட்ச் ஆஃப். தம்பி அப்போதே சந்தேகப்பட்டான். நான்தான் கேட்காமல், கையில் அனுமதிச் சீட்டு இருக்கிறதே, நாமே போய்விடலாம் என்று வாடகை வண்டி பிடித்தேன். ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

வனத்துறைக் கவுன்டரில் இருந்தவர் சீட்டை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அந்த ஊதா சீலின் மேல் விரல் வைத்து, "அம்மா, இது ஞங்களுடே இல்லை" என்றார். பின்னால் இருந்தவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். அப்பா கையில் பஞ்சாங்கம்.

அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. பாதித் தமிழில் பொறுமையாக விளக்கினார். தனியார் வண்டி முக்காலிக்கு மேல் போக முடியாது. வனத்துறை ஏற்பாட்டில் ஓடும் ஜீப்பில்தான் போக வேண்டும், வழிகாட்டி கட்டாயம். 23 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் போனால் சைரந்திரி. அங்கே உயரமான காவல் கோபுரம் ஒன்று, அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கி நடந்தால் குந்திப்புழை. எங்கள் வாழ்நாள் ஆசைக்கு அந்த ஒரு பாதையே போதுமாக இருந்திருக்கும்! வெளியாட்கள் குழு சேர்த்துப் போய் உள்ளே கூடாரம் அடிக்கிற பேச்சே அங்கு கிடையாதாம். அன்றைக்குச் சனிக்கிழமை, ஜீப் எல்லாம் முன்பதிவு ஆகியிருந்தது. இதே மாதிரிச் சீட்டோடு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றார்.

பிள்ளைகள் அழுதார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவரிடம் பவானி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு தானே நடந்து போய்விட்டார். பின்னால் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறை மேல் கால் வைத்து இறங்கினார். முழங்கால் வலிக்கிறது என்று தெரிகிறது, கையை நீட்டினேன், பிடித்துக்கொள்ளவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். துண்டை நனைத்துப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு, "என்னா சில்லுன்னு இருக்கு. நம்ம வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள இந்தக் குளிர்ச்சியெல்லாம் எங்க போவுது" என்றார். பணத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. குந்திப்புழையைப் பார்க்காமலே திரும்பினோம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை அவனே வேறு எண்ணிலிருந்து பேசினான். யானை நடமாட்டம் என்று வனத்துறை திடீரென்று மூடிவிட்டதாம். நாங்கள் கவுன்டர் வரை போய்வந்தோம் என்றதும், "அப்படியாக்கா? அப்ப ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்." ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஏழு வேலை நாளில் பணம் வந்துவிடும், புகார் எண் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். மறுநாள் அந்தப் புகார் எண்ணைச் சொன்னால், "சார் மீட்டிங்ல இருக்கார் மேடம்." அடுத்த நாள் பணமாகத் தர முடியாது, அதே தொகைக்கு வேறொரு மலைப் பயணம் தருகிறோம், சேவைக் கட்டணம் 2,000 மட்டும் போடுங்கள் என்றார்கள். 38,400ஐ விழுங்கிவிட்டு மேலும் 2,000 கேட்கிறார்கள்! நான் கத்தினேன். அன்று சாயங்காலமே இரண்டு எண்ணும் என்னைத் தடுத்துவிட்டன.

வங்கியில் போய் நின்றேன். "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன பண்ண முடியும்" என்றார்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் இருப்பதையாவது முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் அந்த ஏழு வேலை நாள் பேச்சை நம்பி நாலு நாளைக் கடத்திவிட்டேன்.

இன்னொன்றும் தூங்கவிடாமல் செய்கிறது. வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அனுமதி இல்லாமல் ஏதோ ஒரு காட்டுக்குள் 71 வயது மனிதரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய் விட்டிருப்பார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்துப்போனார்களே. அதற்குப் பிறகும் இப்படித் துணிச்சலாகக் கடை விரிக்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. தேசியப் பூங்கா என்றால் அந்த மாநில வனத்துறையிடமே நேராகப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் முதல் நாளே அங்கு போன் போட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் காடு என்றால் 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து முன்பதிவு வைத்திருக்கிறது, அங்கே போங்கள். ஸ்கேன் செய்ததும் வேறு பெயர் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாமல் 1930. "நம்ம ஊர்ப் பையன்" என்று சொன்னால் இன்னும் இரண்டு மடங்கு விசாரியுங்கள்.

நேற்று ராத்திரி தம்பியின் கைபேசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே தொங்குபாலம் படம், "டெல்டா மக்களுக்குச் சிறப்புச் சலுகை, ஆறு இடம் மட்டும்" என்று புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா வயதானவர்கள் வரலாமா என்று கேட்டிருந்தார். அவருக்குக் கீழே நடந்ததை எழுதினேன், ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். அம்மா, நீங்கள் இதைப் படித்தால், தயவுசெய்து பணம் போடாதீர்கள்.