தட்டின் அடி சீவ ரப்பர் பால்வெட்டுக் கத்தி: ஐந்து வருட அனுபவம்

ஐந்து வருடமாக நான் சக்கரத்தில் வனைகிற எல்லாத் தட்டுகளுக்கும் அடி சீவுவது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியால்தான். கடையில் விற்கிற லூப் டூல், அதாவது பிடியில் கம்பி வளையம் வைத்த சீவும் கருவி, மூன்று நான்கு என்னிடம் இருக்கிறது, கிண்ணத்துக்கும் கோப்பைக்கும் இன்னமும் அவற்றைத்தான் எடுக்கிறேன். தட்டு என்று வந்தால் கை தானாகக் கத்திக்குப் போகிறது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி முடியவில்லை, அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்குப் போகிற வழியில். வீட்டைச் சுற்றி அறுபது சென்ட் ரப்பர். பின்பக்கத்தில் முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்ட கொட்டகையில்தான் கரண்டுச் சக்கரமும் சின்ன மின்சூளையும் இருக்கின்றன. பிஸ்க் என்கிற முதல் சூடு 950 டிகிரி, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போட்ட பிறகு 1220 டிகிரி. மண் ஸ்டோன்வேர், அதிகச் சூட்டில் சுட்டுக் கெட்டியாகிற வகை, பச்சையிலிருந்து சூளை இறங்குவதற்குள் ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கும். அதாவது 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு வனைந்தால் கையில் கிடைப்பது 22. பாட்டி இந்த மாதிரித் தட்டைப் பிஞ்ஞாணம் என்றுதான் சொல்வாள், எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும்.

தட்டு பார்க்கச் சுலபம், செய்யும்போதுதான் தெரியும். கிண்ணம் குறுகலாக உயர்கிற பொருள், அதன் எடையை அதுவே தாங்கும். தட்டு அகலமாகப் படுத்துக் கிடக்கிற பொருள். அடி கனமாக விட்டால் கையில் எடுக்கவே பிடிக்காது, மெலிதாகச் சீவினால் சூளைச் சூட்டில் நடு தொங்கிவிடும், ஒரு பக்கம் கனம் ஒரு பக்கம் மெலிசு என்றால் ஆறும்போது வெடிக்கும். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறுகிறது, சூளை ஆறும்போது தட்டின் விளிம்பு முதலில் ஆறி நடுப்பகுதி சூட்டோடு இருந்தால் அந்த இழுப்பை முதலில் வாங்குவது தட்டுதான். அதனால் அடி முழுக்க ஒரே கனமாக வர வேண்டும். லூப் டூலால் எனக்கு அது வரவில்லை. அதன் கம்பி வளையம் மெல்லியது, அகலமான தட்டையான அடியில் இழுக்கும்போது லேசாக அதிர்ந்து அலை அலையாகத் தடம் விழும், அதைச் சரிசெய்ய மறுபடி இழுப்பேன், அலை இன்னும் ஆழமாகும். லூப் டூலால் சீவிய முதல் வருடம் நூற்றுக்கு முப்பது தட்டாவது இப்படியே போயிற்று.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிற அண்ணன் இருபது வருடமாக வருகிறார். விடியற்காலை, இருட்டு பிரிவதற்கு முன்பே தொடங்கிவிடுவார், மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். ஒருநாள் தூக்கம் வராமல் அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். கத்தியை மரத்தில் வைத்து இழுத்தார், நூல் மாதிரி பட்டை சுருண்டு விழுந்தது, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அடுத்த மரம், அதே கனம். அடுத்தது, அதே கனம். அவர் ஆழத்தை அளக்கவே இல்லை, கத்தியே அளந்துகொள்கிறது போல இருந்தது.

அது ஏன் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் ஆழமாகப் போனால்தான் பால். ஆனால் அதற்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உள்ளே கேம்பியம் என்கிற உயிர்ப் படலம், புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அதில் கத்தி பட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக ஆறும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஆழமாகப் போக வேண்டும், ஆனால் தொடக்கூடாது. நுனி மடிந்து சின்ன ஓடை மாதிரி வளைந்திருக்கிற அந்தக் கத்தி இந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. அந்த மடிப்பு சீவலை உள்ளே வாங்கிக்கொள்ளும், மடிப்பின் முதுகு வெட்டிய இடத்தின் மேல் உட்கார்ந்து வருவதால் கத்தி சட்டென்று ஆழமாக இறங்காது. எனக்குத் தேவைப்பட்டதும் இதுதான்: கடைசி மில்லிமீட்டர் வரை போக வேண்டும், தட்டு ஓட்டையாகக் கூடாது.

"அண்ணா, இத வச்சு மண்ணு சீவலாமா" என்று கேட்டேன். "மக்களே, இது மரத்துக்க கத்தியாக்கும், மண்ணுல போட்டா கூரு போயிரும்" என்றார். கூர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், அதற்கு வருகிறேன்.

முதல் கத்தி வெள்ளறடைப் பக்கம் ஓர் இரும்புக் கடையில் வாங்கினேன், கேரள எல்லை தாண்டினால் பத்து நிமிடம். இந்தப் பக்கம் பால்வெட்டுக் கத்தி, அந்தப் பக்கம் டாப்பிங் கத்தி. மிச்சி கோலெட்ஜ், ஜெபாங் என்று இரண்டு வகை பரவலாக உண்டு, நான் வைத்திருப்பது மிச்சி கோலெட்ஜ். இருநூற்றைம்பது ரூபாய் ஆயிற்று. புதுக் கத்தி வாங்கி வந்த கையோடு சீவப் போனால் ஏமாற்றம்தான். கடையில் வாங்கும்போது அதற்குச் சரியான கூர் இருக்காது, வாங்குகிறவர் தன் கைக்குத் தகுந்தபடி தீட்டிக்கொள்ள வேண்டும். நான் தீட்டாமல் போனேன், மண்ணைச் சீவாமல் பிய்த்தது. பிறகு அண்ணனே சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தார், உள்பக்கத்துச் சரிவை மட்டும் தேய்த்து, வெளிப்பக்கத்தை ஒரு தடவை லேசாக வருடிவிட்டார். அந்த முறையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்.

இனிப் பயன்படுத்துகிற முறை. தட்டுக்கு ஒன்றரைக் கிலோ மண், சக்கரத்தில் பலகை பொருத்தி அதன் மேல் வனைகிறேன். அடியை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டு, தேய்த்து வழுவழுப்பாக்கிய சிரட்டையால் நடுவிலிருந்து வெளியேயும் வெளியேயிருந்து நடுவுக்கும் நன்றாக அழுத்தித் தேய்க்கிறேன். இந்த அழுத்தல் இல்லையென்றால் காயும்போது நடுவில் எஸ் வடிவத்தில் வெடிப்பு வரும், அதை எந்தக் கத்தியாலும் காப்பாற்ற முடியாது. தூண்டில் நரம்பால் அறுத்துவிட்டு மூடி வைக்கிறேன். விரல் அழுத்தினால் தடம் விழக்கூடாது, நகம் பட்டால் கோடு விழ வேண்டும், அந்தப் பதம் வந்ததும் கவிழ்த்துச் சக்கரத்தின் நடுவில் வைத்து மூன்று மண் உருண்டைகளால் அணைத்துப் பிடிக்க வைக்கிறேன். உள்ளே நடுவுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு வட்டம் கொடுப்பது நல்லது, இல்லையென்றால் சீவும் அழுத்தத்தில் நடு கீழே இறங்கிவிடும்.

சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றும்போது வலப்பக்கத்து மண் நம்மை விட்டு அப்பால் போகிறது. பால்வெட்டுக் கத்தி இழுத்து வெட்டுகிற கத்தி, அதன் கூர் நம் பக்கம் பார்த்திருக்கும். அப்போது கத்தியை இழுக்கவே வேண்டாம், வலப்பக்கம் அசையாமல் பிடித்தால் போதும், மண் தானே கூரின் மேல் வந்து ஏறும். இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றி, இடது கைப் பெருவிரலைக் கத்தியின் கழுத்தில் வைத்து, நடுவிலிருந்து வெளியே மெதுவாக நகர்த்துகிறேன். நாடா மாதிரி சீவல் சுருண்டு சுருண்டு மடிப்பு வழியாக வெளியே விழும். அந்தச் சீவல் அறுபடாமல் வந்தால் பதம் சரி. பொடிப்பொடியாக வந்தால் மண் காய்ந்துவிட்டது, கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம், மறுபடி மூடி வைத்துவிடுங்கள். அவ்வப்போது சக்கரத்தை நிறுத்தி அடியில் விரலால் தட்டிக் கேட்கிறேன், மெலிய மெலிய ஒலி மாறும். அந்தக் காது வருவதற்கு நாளாகும், அதுவரை ஒரு தட்டை வேண்டுமென்றே குறுக்கே அறுத்துக் கனத்தைப் பார்ப்பதில் தவறில்லை. கத்தி எடுத்த முதல் வருடம் பத்துக்கு ஒன்றை அறுத்தேன், அந்தப் பத்தாவது தட்டுகளிடம் கற்றதுதான் அதிகம்.

தட்டு உட்காருகிற அடி வளையத்தை வெட்டுவதில்தான் இந்தக் கத்தி எனக்கு உண்மையான நண்பன் ஆனது. மடிப்பின் மூலை நேராக இறங்கி, வளையத்தின் உள்சுவரை ஒரே இழுப்பில் வெட்டிக் கொடுக்கும். பெரிய தட்டுக்கு வெளியே ஒன்று, உள்ளே சின்னதாக ஒன்று என இரண்டு வளையம் வைக்கிறேன், நடு தொங்காமல் இருக்க. வெளி வளையம் விளிம்பு மேலே திரும்புகிற இடத்துக்கு நேர் கீழே வர வேண்டும், அதைவிட உள்ளே போனால் சூளையில் விளிம்பு தளர்ந்து கீழே சாயும். லூப் டூல் காலத்தில் இரண்டாவது வளையம் வெட்டவே பயப்படுவேன்.

சரி, குறைகள். பெரிய குறை துரு. அது சாதாரண எஃகு, துருப்பிடிக்காத எஃகு அல்ல, ஈர மண்ணில் வேலை செய்துவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் காலையில் செம்மஞ்சள். ஒரு தடவை துருவைச் சரியாகத் துடைக்காமல் வெள்ளை மண்ணில் சீவிவிட்டேன், சூளை திறந்தபோது ஆறு தட்டுகளின் அடியிலும் பழுப்புப் புள்ளிகள், கிளேஸையும் தாண்டித் தெரிந்தன. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காகச் செய்த செட் அது. ஆறையும் திரும்பச் செய்து கொடுத்தேன், அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. இப்போது வெள்ளை மண்ணுக்கு என்று தனிக் கத்தி. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன், எடுக்கும்போது அந்த எண்ணெயையும் துடைத்துவிடுகிறேன். செம்மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது கூர். அண்ணன் சொன்னது போலவே கூர் போகிறது. சுட்டு நொறுக்கிய மணல் மாதிரியான கிராக் கலந்த மண் என்றால் எட்டுத் தட்டுக்கு ஒரு தடவை தீட்ட வேண்டும், வழுவழுப்பான மண் என்றால் பதினைந்து தாங்கும். மழுங்கிய கத்தியோடு பிடிவாதமாகச் சீவினால் லூப் டூலைவிட மோசமாக அலை விழும். தீட்டச் சோம்பல் உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். கூராக இருக்கும்போது கவனமும் தேவை, ஒருதரம் சக்கரம் ஓடும்போதே சீவலை எடுக்கப் போய் ஆள்காட்டி விரலில் மூன்று தையல். சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் சீவலைத் தொட வேண்டும். காய்ந்த சீவலைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் எடுங்கள், அந்தத் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். விளிம்பைச் சீவ இது ஆகாது, குறுகலான கிண்ணத்தின் உள்பக்கத்துக்குள் நுழையாது, எடை கூடுதலாக இருப்பதால் ஒரே நாளில் முப்பது தட்டு என்றால் மணிக்கட்டு வலிக்கும்.

எங்கள் ஊரில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்யும். ஆனியில் வனைந்த தட்டு சீவும் பதத்துக்கு வர ஐந்து நாள்கூட ஆகும், தட்டுக்கு அந்த நிதானம் நல்லதுதான், விளிம்பும் நடுவும் சேர்ந்து காயும். பங்குனி வெயிலில் காலையில் வனைந்தது சாயங்காலமே பதம் தாண்டிவிடும், பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். ஆனால் நான் அதிகமாகத் தட்டு செய்வது மாசி, பங்குனியில்தான். இலை உதிர்ந்து மரங்களுக்கு ஓய்வு கொடுக்கிற காலம், அண்ணனுக்கும் நேரம் இருக்கும், கொட்டகையில் வந்து உட்கார்ந்து தீட்டிக் கொடுப்பார்.

புதுக் கத்தியைவிடத் தேய்ந்த கத்தி மேல் என்பது நான்காவது வருடத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. பால் வெட்டுகிறவர்கள் நாள்தோறும் தீட்டித் தீட்டி நுனி குட்டையாகி, மரத்துக்கு உதவாமல் போனதும் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குட்டை நுனி தட்டின் அடியில் அதிராமல் நிற்கிறது, எடையும் குறைவு, பிடியும் இன்னொருவர் உள்ளங்கையில் பழகி வழுவழுப்பாகியிருக்கும். இப்போது நான் வெள்ளை மண்ணுக்கு வைத்திருப்பது அண்ணன் பதினொரு வருடம் எங்கள் மரங்களில் வெட்டிய கத்தி. உங்கள் பக்கம் ரப்பர் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் பால் வெட்டுகிறவரிடம் ஒதுக்கி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். புதுக் கத்தி வாங்க என்ன விலையோ அதையே அவர் கையில் கொடுங்கள், தீட்டுகிற முறையையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.