ஆறு பனிக்காலம், ஒரு மோட்டார் ஹோம்

கோயிலிலும் கலியாண வீடுகளிலும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், "அண்ணை, அந்த வண்டி எப்படி? நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், இளைப்பாறியவர்கள், இன்னொரு ஜனவரியில் வாசலில் பனி வழிக்க முதுகு இடம் கொடுக்காதவர்கள். ஒவ்வொருவருக்கும் பாயசம் ஆறும்வரை நின்று சொல்ல முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

வண்டி என்றால், கட்டிலும் குசினியும் கழிவறையும் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம். 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஃபோர்டு இ-450 அடித்தளம், 6.8 லீற்றர் வி-10 இயந்திரம், 28 அடி நீளம். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் 'சி' வகை. கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் ஓட்டும் சாதாரண ஜி வகை அனுமதிப்பத்திரமே இதற்குப் போதும். 2018 கோடையில் வாங்கியபோது 41,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. இன்று காலை பார்த்தேன், 88,600. இடையில் ஆறு பனிக்காலம் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய்வந்திருக்கிறோம். ஏழாவதைக் கொரோனா எடுத்துக்கொண்டது.

ஹோட்டல் காசு மிச்சம் என்ற கணக்கில் இதை வாங்காதீர்கள். 100 கிலோமீற்றருக்கு 27 லீற்றர் பெற்றோல் குடிக்கிறது. மலை ஏறினாலோ எதிர்காற்று அடித்தாலோ 30. ரொறன்ரோவிலிருந்து புளோரிடாவின் தம்பா நகரம் ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர். ஒரு வழிக்கு 600 லீற்றர். 208 லீற்றர்த் தாங்கி நிரம்பும்போது பம்பில் இலக்கங்கள் ஓடுவதைப் பார்க்க மனமில்லாமல் நான் கண்ணாடி துடைக்கப் போய்விடுவேன். போதாததற்கு அமெரிக்க டொலர் மாற்று, வண்டிக் காப்புறுதி, கோடையில் நிறுத்திவைக்கும் இடத்துக்கு வாடகை. தம்பாவுக்கு வடகிழக்கே செஃபிர்ஹில்ஸில் நாங்கள் வழக்கமாகத் தங்கும் இடத்தின் மாத வாடகை, முதல் ஆண்டில் கொடுத்ததைவிட ஆறாவது ஆண்டில் ஒன்றரை மடங்கு. விமானத்தில் போய் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று மகன் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினான். இரண்டு ஆண்டுகளில் எங்கள் செலவுதான் அதிகம்.

பிறகு ஏன் என்று கேட்டால், சொந்தக் கட்டில், சொந்தச் சட்டி பானை, எட்டடித் தூரத்தில் சொந்தக் கழிவறை. நெடுஞ்சாலையில் மணிக்கொரு தடவை இறங்கவேண்டிய வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

பாதை எப்போதும் ஒன்றுதான். சார்னியாவில் புளூ வாட்டர் பாலத்தால் மிச்சிகனுக்குள் இறங்கி, டிட்ரொயிட் போய் ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் தம்பாவரை அதே சாலை. முதல் ஆண்டில் மூன்று நாளில் போனோம், போய் இரண்டு நாள் படுத்துக்கிடந்தோம். இப்போது நாளுக்கு 400 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுவதில்லை, இருட்டினால் ஓட்டுவதேயில்லை. சின்சினாட்டியில் ஓகையோ ஆற்றுப் பாலத்தை வேலை நேரத்தில் தொடாதீர்கள். அட்லாண்டாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடவுங்கள். தெற்கே ரிவர்டேலில் வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது, தரிசனமும் ஆகும். ஓட்டுவதில் உண்மையாகவே கவனம் வேண்டிய இடம் கென்டக்கிக்கும் டென்னசிக்கும் எல்லையான ஜெலிக்கோ மலை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகும் நாற்றம் வரும். கியர்த் தண்டின் நுனியில் சுமை இழுப்பதற்கான பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் இயந்திரமே வண்டியைப் பிடித்துவைக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஓய்விடமொன்றில் தேநீருக்குச் சுடுதண்ணீர் கேட்டு வந்த லொறி ஓட்டுநர்.

புதிதாக வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் தண்ணீர். நவம்பர் கடைசியில் ஒன்ராறியோவில் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும். அதனால் குழாய்களில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை நிரப்பித்தான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறோம். முதல் மூன்று நாள் வண்டியில் தண்ணீர் வசதி கிடையாது. குடிக்கக் கலனில் தண்ணீர், கழிவறையில் ஊற்ற ஒரு போத்தலில் அதே இளஞ்சிவப்புத் திரவம். ஜோர்ஜியாவுக்குள் போய் இரவிலும் உறைநிலைக்குக் கீழே இறங்காது என்று தெரிந்தபிறகுதான் தண்ணீரை ஏற்றுவோம். குழாயைத் திறந்தால் முதலில் நல்ல சிவப்பாக வரும், பிறகு நுரைத்துக்கொண்டு வரும், பிறகு ரோசாத் தண்ணீர்போல, கடைசியில் தெளிந்து வரும். முதல் ஆண்டு தெளிந்ததும் போதும் என்று மூடிவிட்டேன். மனைவி தேநீர் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இன்னும் சீனி போடவில்லை," என்றாள். ஆர்.வி. எனப்படும் இந்த வகை வண்டிகளுக்கென்று விற்பது நஞ்சில்லாத வகைத் திரவம், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அன்று முதல் குடிக்கும் தண்ணீர் தனிக் கலனில்தான். சுடுநீர்க் கொதிகலனுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டுத் திரவத்தை ஏற்றவேண்டும் என்பதும் அப்போது தெரியாது. 23 லீற்றர் வீணாக அதற்குள் போய் நிறைந்தது.

முதல் ஆண்டின் இன்னொரு பாடம் இதைவிடச் செலவானது. ஜோர்ஜியாவில் மேக்கனைத் தாண்டி டிஃப்டன் நெருங்கும்போது பின்னால் வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ரயர்கள். உட்புற ரயர் ஒன்றின் தோல் உரிந்து சுழன்று, சக்கரக் கூட்டின் தகரத்தையும் அதற்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குழாயையும் அடித்து நொறுக்கியிருந்தது. ரயரின் பள்ளங்கள் புதியதுபோல ஆழமாகத்தான் இருந்தன. விற்றவரும் அவற்றைத்தான் விரலால் தடவிக் காட்டியிருந்தார். நான் பார்க்காமல் விட்டது பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களை. 4112 என்று இருந்தது. 2012ஆம் ஆண்டின் 41ஆவது வாரம். வண்டி வாங்கும்போதே ரயருக்கு ஆறு வயது நெருங்கியிருக்கிறது. ஆண்டில் ஏழெட்டு மாதம் நின்றுகொண்டேயிருக்கும் வண்டியின் ரயர் தேய முன்னரே முதுமையில் வெடித்துவிடும். அந்த இலக்கம் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருப்பதால், அது உட்பக்கம் திரும்பியிருந்தால் மின்சூளோடு வண்டிக்குக் கீழே படுத்துத்தான் பார்க்கவேண்டும். வாங்கப் போகும்போது பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மற்ற இயந்திரப் பகுதிகளைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. எண்ணெய், பிரேக் கட்டை, இரண்டு முறை பற்றரி, கூரை மூட்டுகளில் ஆண்டுதோறும் பசை. அவ்வளவுதான்.

சமையல் என்று வந்தால், இது அமெரிக்கர் ரொட்டி சூடாக்குவதற்குக் கட்டிய குசினி. மீன் பொரித்தால் அந்த வாசம் ஏப்ரல்வரை தலையணையில் இருக்கும். பொரியல், குழம்பு எல்லாம் வெளியே மேசையில், தனி எரிவாயு அடுப்பில். குழம்புச் சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவோம். எண்ணெய் கழிவுநீர்த் தாங்கியில் படிந்தால் உள்மானிகள் தாங்கி நிரம்பாமலே நிரம்பியதாகக் காட்டும். மின்சாரம் 30 அம்பியர். குளிரூட்டி ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் எல்லாம் நின்றுவிடும், சோற்றுக் குக்கருக்கும் இதே சட்டம். குளிர்சாதனப் பெட்டி எரிவாயுவிலும் ஓடும் பழைய வகை என்பதால் வண்டி சாய்ந்து நின்றால் குளிராது. சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து மட்டம் பார்ப்பதுதான் எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை.

கறிவேப்பிலை விஷயத்தை மனைவி இன்னும் மறக்கவில்லை. முதல் பயணத்தில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். எல்லையில் அதிகாரி அதை மரியாதையாகவே வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும், அதனால் அனுமதியில்லை. அந்தப் பனிக்காலம் முழுவதும் கறிவேப்பிலை இல்லாத குழம்பும் அதைப் பற்றிய முணுமுணுப்பும். பிறகு ஒருநாள் உள்நாட்டுச் சாலையொன்றில் ஒரு தோடந் தோட்டத்தைக் கடந்தோம். வரிசை வரிசையாக நட்டது நட்டபடி, இலையே இல்லாமல் சாம்பல் நிறத்தில் நின்றது. 2005இல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து இப்படித்தான் என்று பெற்றோல் நிலையத்தில் சொன்னார்கள். அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை.

போய் இறங்கியபின் வாழ்க்கை மெதுவானது, சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஜனவரியில் புளூ ஸ்பிரிங் பூங்காவுக்குப் போய் மனட்டீக்களைப் பார்ப்போம். மன்னார்க் கடலின் கடற்பசுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆண்டு முழுவதும் 22 பாகை வெப்பத்தில் ஊறும் அந்தச் சுனைக்கு, ஆற்று நீர் குளிர்ந்ததும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்துவிடுகின்றன. குளிருக்குத் தெற்கே ஓடிவரும் எங்களைப் போன்றவர்களை இங்கே 'ஸ்னோபேர்ட்', பனிப்பறவை, என்று பறவைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். உருவத்தையும் வேகத்தையும் பார்த்தால் மனட்டீதான் பொருத்தம். தைப்பொங்கலுக்கு வண்டி வாசலில் கோலம் போட்டுப் பால் பொங்க வைத்தோம். பொங்கி வழிந்து புகை எழும்பியதும் பக்கத்து வண்டிக் கியூபெக்காரர் தீயணைப்பானோடு ஓடிவந்தார். அடுத்த ஆண்டு கரண்டியோடு வந்தார்.

2020 மார்ச்சில் அரசாங்கம் எல்லாரையும் திரும்பி வரச் சொன்னபோது அந்த வண்டிதான் காப்பாற்றியது. எந்தக் கதவையும் தொடாமல், யாரோடும் ஒரு மேசையில் உட்காராமல், வீட்டோடு வீடு வந்து சேர்ந்தோம்.

இனி காகிதங்கள். வண்டியைவிட இவைதான் என்னை அதிகம் படுத்தியவை. ஒன்ராறியோ மருத்துவக் காப்பு தொடரவேண்டுமானால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கக்கூடாது. அதைத் தாண்டும் அளவுக்கு நாங்கள் நிற்பதில்லை. அமெரிக்க வரித்துறையின் கணக்கு வேறு. இந்த ஆண்டின் நாட்கள் முழுதாக, சென்ற ஆண்டினதில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்தியதில் ஆறில் ஒன்று. கூட்டினால் 183 வந்துவிட்டால் நீங்கள் அங்கே வரி விடயத்தில் வசிப்பவராகிவிடலாம். ஆண்டுக்கு 120 நாள் நின்றால் 180, தப்பிவிடுவீர்கள். நாங்கள் 130 நாள் நிற்கிறோம், கூட்டினால் 195. எனவே கனடாவோடுதான் எங்களுக்கு நெருக்கம் என்று 8840ஆம் இலக்கப் படிவத்தை நானும் மனைவியும் தனித்தனியே நிரப்பி ஜூன் 15க்குள் அனுப்புகிறோம். எல்லை கடக்கும் நாளில் ஒரு மணி நேரம் நின்றாலும் அது ஒரு நாள்தான். 2025 ஏப்ரல் 11 முதல் இன்னொன்று வந்திருக்கிறது: தரைவழியாகப் போய் 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனேடியர், எல்லையில் ஐ-94 என்னும் நுழைவுப் பதிவு கிடைத்திராவிட்டால், அங்கே தங்களைப் பதிவுசெய்யவேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் இடத்தில் இரண்டு குடும்பம் வண்டியை விற்றுவிட்டது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் இன்னும் விற்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய காகிதம் பயண மருத்துவக் காப்புறுதி. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்தால், தீவிர சிகிச்சை என்றாலும் ஒன்ராறியோ நாளுக்கு அதிகபட்சம் 400 கனேடிய டொலர்தான் கொடுக்கும். அங்கே அந்தத் தொகை கட்டில் விரிப்புக்கே காணாது. எனவே தனியாக வாங்கியே தீரவேண்டும். வாங்குவது பெரிதில்லை, உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் 'நிலைத்த உடல்நிலை' என்ற வரியை வாசிப்பதுதான் பெரிது. எங்கள் ஒப்பந்தத்தில் புறப்படுவதற்கு முந்திய 90 நாளில் மருந்தில் மாற்றம் இருந்தால் அந்த வருத்தத்துக்குக் காப்பு இல்லை. கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம். நண்பர் ஒருவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்த சந்தோஷத்தோடு போனவர். நெஞ்சுவலி வந்து நான்கு நாள் படுத்தார். அந்தக் கணக்கை இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம்: 28 அடி வேண்டாம், இருவருக்கு 24 அடி போதும். நீளம் கூடினால் பழைய பூங்காக்களில் பாதி இடங்களுக்குள் நுழைய முடியாது. ஸ்குரூ முடுக்க அலுப்புப்படுபவர் என்றால் வாங்கவே வேண்டாம். வாங்குமுன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, மழை பெய்யும் மூன்று நாள் இருவரும் அதற்குள் சண்டை பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நாங்கள் இந்த முறை நவம்பர் 10 புறப்பட நினைத்திருந்தோம். ஓகஸ்ட் 19 அன்று வைத்தியர் என் இரத்த அழுத்தக் கணக்கைப் பார்த்து முதுகில் தட்டி, மாத்திரையை 10 மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைத்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி பாராட்டு எதுவும் சொல்லாமல் குசினி நாட்காட்டியை எடுத்து எண்ணத் தொடங்கினாள். 90ஆவது நாள் நவம்பர் 17. அதற்குப் பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, 20ஆம் திகதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.