சீசரின் ஆசையா, சிப்பாயின் நிலமா?

ரோமக் குடியரசு பேரரசாக மாறிய பாடத்தை வகுப்பில் பல ஆண்டுகளாகச் சீசரிலிருந்தே தொடங்கி வந்தேன். தடையை மீறிச் சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்தது, கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் என்ற ஆட்சி மன்றத்தின் கூட்டத்தில் அவருக்குக் கத்திக்குத்து என்று சொன்னால் மாணவர்கள் கண்கொட்டாமல் கேட்பார்கள். இந்த ஆண்டு அதை மாற்றிவிட்டேன். ஓய்வுபெறும் படைவீரனுக்கு நிலம் கொடுப்பது யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினேன்.

தனிமனித ஆசையே காரணம் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. வாழ்நாள் சர்வாதிகாரி பட்டத்தைச் சீசர் விரும்பித்தான் ஏற்றார். ஆனால் அவரைக் கொன்ற பிறகும் குடியரசு மீளவில்லையே. மரத்தை வெட்டியும் தளிர்த்தது என்றால் வேர் வேறெங்கோ இருந்திருக்க வேண்டும்.

அந்த வேர் படையில் இருந்தது என்பது என் முடிவு. கி.மு. 107இல் மாரியஸ் என்ற தளபதி சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். போர் முடிந்தால் திரும்பிப் போக அவர்களுக்கு வயல் கிடையாது. செனட்டிடம் நிரந்தர ஏற்பாடு எதுவும் இல்லை. தளபதிதான் போராடி நிலம் வாங்கித் தர வேண்டும். அப்படியானால் வீரனின் விசுவாசம் யார் பக்கம் போகும்?

கி.மு. 88இல் நோலா முகாமில் நடந்ததைப் பாருங்கள். கிழக்குப் போருக்காகத் தளபதி சுல்லாவிடம் இருந்த படைத்தலைமை மாரியஸுக்கு மாற்றப்பட்டது. செய்தி கொண்டுவந்த அதிகாரிகளை வீரர்கள் கல்லால் அடித்தே கொன்றார்கள். ரோமை நோக்கிப் புறப்பட்டபோது குவஸ்டர் என்ற நிதி அதிகாரி ஒருவரைத் தவிர உயரதிகாரிகள் அனைவரும் சுல்லாவை விட்டு விலகினார்கள், சிப்பாய்கள் விலகவில்லை. அன்று அவர்களை இழுத்தது நிலமல்ல, கிழக்குப் போரில் கிடைக்கவிருந்த கொள்ளைப் பொருள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் மனநிலையை விவரிக்கும் வரலாற்றாசிரியர் அப்பியன் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். ஆகவே இந்தச் சான்றை ஓர் அளவுக்குத்தான் நம்புகிறேன்.

பாம்பே என்ற தளபதியின் கதை இன்னும் உறுதியானது. கி.மு. 62இல் கிழக்கிலிருந்து வெற்றியோடு திரும்பிய அவர் படையைக் கலைத்துவிட்டு வீரர்களுக்கு நிலம் கேட்டார். செனட் இழுத்தடித்தது. கி.மு. 59இல் கான்சல் என்ற ஓராண்டுத் தலைமைப் பதவியில் இருந்த சீசர்தான் அந்தச் சட்டத்தை நிறைவேற்றினார். இருவரையும் கைகோக்க வைத்ததில் செனட்டின் கஞ்சத்தனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சீசரின் வாரிசும் முதல் பேரரசருமான அகஸ்டஸ் குடியரசை மீட்டதாகக் கி.மு. 27இல் அறிவித்ததைப் பலரும் விரிவாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிட அங்காராவில் கல்லில் பொறித்திருக்கும் அவருடைய கணக்கு முக்கியம்: வீரர்களுக்காக இத்தாலியில் வாங்கிய நிலத்துக்குச் சுமார் 60 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்), மாகாணங்களில் சுமார் 26 கோடி. கி.பி. 6இல் படைவீரர் ஓய்வூதியக் கருவூலத்தைத் தொடங்கித் தன் பணம் 17 கோடியைப் போட்டார். அது தொடர்ந்து நடக்க 5 சதவீத வாரிசுச் சொத்து வரியும் 1 சதவீத ஏல வரியும் வந்தன. இதைச் செனட்டே நூறாண்டு முன்பு செய்திருக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் அதையேதான் நினைக்கிறேன்.

செனட்டுக்கு அந்த வாரிசுச் சொத்து வரி கடைசிவரை பிடிக்கவில்லை. கி.பி. 13இல் முணுமுணுப்பு வலுத்ததும், அதற்குப் பதில் வயலுக்கும் வீட்டுக்கும் வரி போடலாம் என்று சொல்லி, சொத்துகளைக் கணக்கெடுக்க ஆட்களை அனுப்பினார் அகஸ்டஸ். 5 சதவீதமே போதும் என்று ஒப்புக்கொண்டார்கள்.