நீட் ‘டிரிக்ஸ்’ வகுப்பில் என் 28,000 ரூபாய் போன கதை

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் போன வருஷம், 2025 மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்றைக்கு நீட் எழுதினாள். அதற்கு முன் ஏப்ரல் முழுக்க தினமும் பஸ் ஏறி வேலூருக்கு ஒரு கிராஷ் கோர்ஸுக்குப் போய் வந்தாள். பாடம் நடத்துகிற இடமில்லை அது; தேர்வு எழுதுகிற உத்தி மட்டும் சொல்லிக்கொடுப்பார்களாம். 500 மார்க்குக்குக் குறைந்தால் முழுப் பணமும் வாபஸ் என்றார்கள். வீட்டுக்காரம்மா வளையலை அடகு வைத்து 28,000 கட்டினேன். ரசீதைப் படிக்காமல் சட்டைப்பையில் மடித்து வைத்தேன். அது என் தப்பு, அப்புறம் சொல்கிறேன்.

அவர்கள் கொடுத்த ‘டைம் பிளான்’ இது: முதல் 2 மணி 50 நிமிடம் கேள்வித்தாளிலேயே விடையை டிக் அடித்துக்கொண்டு போ, ஓஎம்ஆர் விடைத்தாளைத் தொடாதே, கடைசி அரை மணி நேரத்தில் மொத்தமாக வட்டம் நிரப்பு. கூட்டிப் பாருங்கள், 200 நிமிடம் வருகிறது. அது 2024 வரை இருந்த தேர்வு. அப்போது ஒவ்வொரு பிரிவிலும் செக்‌ஷன் பி என்று 15 கேள்வி கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். 2025க்கு அந்த சாய்ஸும் போய்விட்டது, கூடுதல் 20 நிமிடமும் போய்விட்டது. 180 கேள்வி, 180 நிமிடம், அவ்வளவுதான். தேர்வை நடத்துகிற என்டிஏ ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஏப்ரலில் பணம் வாங்கியவர்கள் பழைய நோட்டையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாப்பா கேட்டிருக்கிறாள். “அதெல்லாம் பெருசா ஒண்ணும் மாறாதும்மா, பிளானை மட்டும் விட்டுடாதே” என்றாராம் அந்த சார்.

பிளானை விடவில்லை அவள். 170 நிமிடம் முடிந்தபோது மிச்சம் 10 நிமிடம். 180 வட்டம் என்றால் ஒன்றுக்கு மூணு செகண்டுக்குக் கொஞ்சம் மேல்.

தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஜூன் மாதம் ஓஎம்ஆர் ஸ்கேனை வெளியிட்டதும் இரண்டையும் கூடத்தில் விரித்து வைத்துப் பார்த்தோம். பயாலஜியில் 137ஆம் கேள்வியை விட்டிருக்கிறாள். வட்டம் போடும்போது அந்த வரிசையைத் தாண்டாமல் 138இன் விடையை 137இல் போட்டுவிட்டாள். அங்கிருந்து 159 வரைக்கும் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே. பேனாவில் போட்டதை அழிக்கவும் முடியாது. தாளில் அந்த 22இல் 16 சரியாக டிக் ஆகியிருந்தது; ஓஎம்ஆரில் தப்பித்தவறிச் சரியானது 5. இதில் மட்டும் 55 மார்க் காலி. இது போக, போட்டு முடித்த 14 பிசிக்ஸ் கணக்குக்கு வட்டமே இல்லை. விரலை வைத்து வரிசை வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தவள் 150 தாண்டியதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு டிரிக், தெரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாவது ஆப்ஷன். ‘மூணுதான் அதிகமா வரும்’ என்பது சும்மா கதை. சரியானால் 4, தப்பானால் கழித்தல் 1. 40 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக 10 சரி, 30 தப்பு. 10 சரிக்கு வருகிற 40 மார்க்கில் 30 போனால் மிச்சம் 10 மார்க். மூணு போட்டாலும் ஒண்ணு போட்டாலும் இதே கணக்குதான், அதிர்ஷ்டம் கெட்டால் கையில் இருக்கிறதும் போகும். நாலில் இரண்டு நிச்சயம் இல்லை என்று தள்ளத் தெரிந்தால் அதே 40க்கு 60 மார்க் வரும். தள்ளுவதற்குப் பாடம் தெரிய வேண்டும், அதைத்தான் அங்கே நடத்தவில்லை. தமிழ் மீடியம் பிள்ளைகளிடம் ‘ஆங்கிலப் பக்கம் பார்க்காதே, நேரம் போகும்’ என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் செல்லும் என்று என்டிஏ விதியே இருக்கிறது.

ரிசல்ட் வந்ததும் பணம் கேட்டுப் போனேன். ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்டடி மெட்டீரியல்னு தானே சார் போட்டிருக்கு? புக் குடுத்தாச்சே” என்றார்கள். உத்தரவாதம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லிப் புகாரைப் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது அந்த ஒரு ரசீதுதான். நீங்கள் எங்கேயாவது கட்டுவதாக இருந்தால் வாபஸ் வாக்குறுதியை எழுதி வாங்குங்கள், எந்த வருஷத்து முறைப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

கிளம்பும்போது அங்கிருந்த மேடம் ஒருவர் கூப்பிட்டு, அடுத்த ரிப்பீட்டர் பேட்ச்சில் பாப்பாவுக்கு இலவச சீட் தருகிறோம் என்றார். மெட்டீரியலுக்கு மட்டும் 8,000 கட்ட வேண்டுமாம்.